சொல்வதும் கொடுப்பதும்

என் கப்பல்காரருக்கு,

போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுதினால்தான் இப்போது நிதானமாகப் பேச முடிகிறது. தொண்டையில் ஆபரேஷனுக்குப் போட்ட கட்டைப் பிரித்துவிட்டார்கள், வலி இல்லை. இங்கே காலைப் பனி மதியம்வரை கலைவதில்லை. பள்ளிக்கூடமே மிதப்பது போல இருக்கிறது.

ஒரு வேடிக்கை கேளுங்கள். என் பழைய பாடப் பதிவுகளைக் கொடுத்து, கணினியை என் குரலிலேயே பேச வைத்துவிட்டார்கள். நான் தட்டச்சு செய்தால் போதும். இன்று மழை உண்டாகும் பாடம். ஜன்னலோரம் நின்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். கனவில் நம்மை நாமே பார்ப்போமே, அப்படி. அது இருமவில்லை, ஓரிடத்திலும் தடுமாறவில்லை. எனக்கே கொஞ்சம் பொறாமைதான்.

மணி அடித்ததும் கடைசி பெஞ்சு வாண்டு ஒருத்தி என்னிடம் வந்தாள்.

"டீச்சர், அது நல்லாத்தான் சொல்லுச்சு. இப்ப நீங்க சொல்லிக்கொடுங்க."

இத்தனை வருஷமாகச் சொல்வதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். கொடுப்பது என்று ஒன்று அந்த வார்த்தைக்குள்ளேயே இருந்திருக்கிறது. குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியில் வாயை வைத்து ஊதினேன். வெண்மையாகப் படிந்ததை அவள் விரலால் தொட்டாள். ஒரு துளி திரண்டு கீழே ஓடியது.

"டீச்சர், மேகமா இது?"

தலையாட்டினேன்.

டாக்டர் சொன்னதை நீங்கள் ஊர் வந்ததும் எழுதிக் காட்டுகிறேன். "குடையை மறந்துடாதீங்க" என்று முன்பு நான் பேசி அனுப்பியது உங்கள் போனில் இருந்தால், அழித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நீங்கள் பெயர் வைத்த வாயாடி