ஹைப்போவை முதலில் ஊற்றியது நானில்லை

மச்சான் குமரேசா, அன்பு கால் பங்கு, ஆத்திரம் முக்கால் பங்கு கலந்து, நன்றாகக் குலுக்கி எழுதுகிறேன்.

நீ போய் நாலு மாசம் ஆகிறது. முதலில் ஊர்ச் செய்தி. ஃபிலிமில் எடுப்பதுதான் படம், செல்போனில் எடுப்பதெல்லாம் ஜெராக்ஸ் என்று ஜங்ஷன் ரோடு முழுக்கக் கத்திக்கொண்டிருந்தாயே, உன் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் போட்டது யாரோ டீக்கடையில் எடுத்த செல்ஃபி. பாதி உன் மூஞ்சி, மீதி வாழைக்காய் பஜ்ஜி. அன்றைக்கு அதைப் பார்த்து அழுதேன். இப்போது அந்த பஜ்ஜியை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஏன் என்று கேட்கிறாயா? தெரியாத மாதிரி நடிக்காதே.

நம் ஞாயிற்றுக்கிழமை ஃபிலிம் வகுப்பை நான் நிறுத்தவில்லை. கேமரா பாடம் உன்னுடையது, இருட்டறைப் பாடம் என்னுடையது என்று இருந்தது. இப்போது இரண்டும் என் தலையில். ஆறு பேர் வருகிறார்கள். அதில் ஒருவர் தங்கராசு அண்ணன், செராமிக் கம்பெனியில் சூளை பார்த்து ரிட்டையர் ஆனவர். போன வாரம், கெட்டுப்போன ஃபிலிமைப் பார்த்து அது யார் செய்த தப்பு என்று கண்டுபிடிக்கும் பாடம். கெட்ட ஃபிலிம் ஏதாவது இருக்கிறதா என்று உன் பெண்டாட்டியிடம், அதாவது என் தங்கச்சி முறையிடம், கேட்டேன். உன் பழைய பிஸ்கட் டப்பாவை அப்படியே எடுத்துக் கொடுத்தது, பாவம். கைக்கு வந்த ஒரு கவரைப் பிரித்து உள்ளே இருந்ததை அண்ணனிடம் நீட்டினேன். ஒரு படம்கூட இல்லாத வெற்று ஃபிலிம்.

அவர் அதை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“சூளையில ஜாடி வெடிச்சா, மண்ணு பெசஞ்சவன் தப்பா, நெருப்பு வெச்சவன் தப்பான்னு வெடிப்பப் பாத்தே சொல்லிடுவேங்க. இது கழுவுனவரு தப்பு இல்ல சார். ஓரத்துல நம்பரெல்லாம் பளிச்சுன்னு இருக்குது பாருங்க.”

“அப்போ?”

“ஃபிலிமு நகரவே இல்லைங்க. எடுத்தவரு கேமராவுக்குள்ள ஸ்பூல்ல சரியா மாட்டல. யாரு வூட்டு விசேஷமோ, பாவம்!”

கவரைத் திருப்பிப் பார்த்தேன். உன் கோழிக்கிறுக்கலில் ‘செல்வி அக்கா கல்யாணம்’ என்று இருந்தது.

என் அக்கா கல்யாணம்டா, துரோகி!

அப்போது நமக்கு இருபத்திரண்டு வயது. பழமலைநாதர் கோயிலில் தாலி கட்டு. நீ எடுத்தாய், நான் கழுவினேன். டெவலப்பருக்கு ஒன்று, ஹைப்போவுக்கு ஒன்று என்று இரண்டு ஊறுகாய் ஜாடி வைத்திருந்தோம். ஒரே சூளை, ஒரே நிறம். டெவலப்பர் படத்தை வரவழைக்கும், ஹைப்போ அதை நிலைக்க வைக்கும். ஹைப்போவை முதலில் ஊற்றினால் எல்லாமே போய்விடும், கம்பெனியிலேயே பதிந்து வரும் ஓரத்து நம்பர் உள்பட. நான் கழுவும் டேங்கைத் திறந்ததும் ஃபிலிமைப் பிடுங்கினாய். “அடப்பாவி, ஜாடிய மாத்திட்டியேடா!” நான் ஒழுங்காகப் பார்ப்பதற்குள் சுருட்டிக்கொண்டு ஓடினாய். மணிமுத்தாற்றில் வீசிவிட்டேன் என்றாய்.

நானும் நம்பினேன். டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு, பாதி குடித்த பிறகு கண்டுபிடிக்கிற ஆள் நான். ஜாடியை மாற்றவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? ஓரத்து நம்பர் பாடத்தை வகுப்பில் இத்தனை வருஷமாக நடத்துவதும் நானேதான். நீ பின்பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாய்.

அன்று முதல் ஊரில் என் பெயர் ஹைப்போ. என் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் பலருக்கு என் நிஜப்பெயர் தெரிந்தது. அக்கா பிள்ளைகளுக்கு நான் ஹைப்போ மாமா. அக்காவோ, “கல்யாணத்துக்கு ஒத்தப் படம் இல்லாமப் பண்ண பாவி” என்று ஆரம்பிக்காமல் எனக்குச் சோறு போட்டதே இல்லை.

ஸ்பூலில் மாட்டாத ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும்போது கையில் கனமே இருக்காது, மச்சான். முப்பத்தாறு படம் தாண்டியும் கேமரா நிற்காது. அதாவது, பந்தியில் உட்காரும்போதே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் மூன்றாம் முறை பாயசம் கேட்டாயா?

நேற்று அந்த ஃபிலிமோடு மங்கலம்பேட்டைக்கு பஸ் ஏறினேன். அக்கா முன்னால் நீட்டி, மூச்சு விடாமல் கதையைச் சொன்னேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

“தெரியுமேடா. மறுவூட்டுக்கு வந்தப்பவே குமரேசன் என் கால்ல வுழுந்து அழுதுட்டான்.”

“அப்பறம் எதுக்குக்கா என்னை இத்தினி வருஷமா திட்டுன?”

“அவன் அப்பத்தான் போட்டோ கடை தொறந்திருந்தான். கேமராக்காரன் தப்புன்னு தெரிஞ்சா எவன் கல்யாணத்துக்குக் கூப்புடுவான்? உனக்கு அப்பா அரிசி மண்டி இருந்துச்சு. பேரு கெட்டா உனக்கென்ன?”

“அதுக்குன்னு பொங்கலுக்குப் பொங்கல் திட்டணுமா?”

“நிறுத்துனா ஊருக்குச் சந்தேகம் வரும்ல? சரி, ஒக்காரு. சாப்புட்டுப் போடா, ஹைப்போ.”

சாப்பிட்டேன். சாம்பாரில் உப்பு சரியாக இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. கடை திறந்தாய், சரி. அக்காவிடம் சொன்னாய், அதுவும் சரி. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து தினமும் என்னோடு டீ குடித்தாயே, ஒரு நாள் என்னிடம் சொன்னால் என்ன? நான் என்ன செய்துவிடுவேன் என்று பயந்தாய்? ஊர் முழுக்கச் சொல்லிவிடுவேன் என்றா? ஆமாம், சொல்லியிருப்பேன். அது வேறு விஷயம்.

மன்னிக்கிற மாதிரி இல்லை. அதனால் ஒரு சத்தியம். கேமராவில் ஃபிலிம் மாட்டியதும், சுற்றும்போது இடதுபக்கக் குமிழும் கூடவே சுழல்கிறதா என்று பார்ப்பார்கள் அல்லவா? சுழன்றால் ஃபிலிம் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சோதனைக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் நம் வகுப்பில் ஒரு பெயர் உண்டு. மூடியை மூடிய கையோடு ஒவ்வொருவரிடமும் கேட்கப்போகிறேன்: “குமரேசனைப் பார்த்தாச்சா?” நான் இருக்கும்வரை கேட்பேன். எனக்குப் பின்னால் அவர்கள் கேட்பார்கள்.

தங்கச்சி விசாரித்தால், உன் ஞாபகார்த்தமாக வைத்த பெயர் என்று சொல்லிவிடுவேன். பொய் உனக்கு மட்டும்தான் வருமா?

இப்படிக்கு,
உன் கல்யாணப் படங்களை ஒன்றுகூடக் கெடாமல் கழுவிக்கொடுத்த மச்சான்,
மணிவண்ணன்
(ஊர் வாயில் ஹைப்போ)