படிப்புக்கு நடுவே ஒரு வருடம்

மான்டானா,
ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை

அன்பான மார்னிக்கு,

லைல் எழுதுவது. நான் சுகம். ஆடுகளில் முக்கால்வாசி குட்டி போட்டுவிட்டன. பனி இன்னும் விட்டபாடில்லை. மேற்கு வேலி சாய்ந்து கிடக்கிறது, நிமிர்த்த நேரமில்லை. நீ செய்து உறைய வைத்துவிட்டுப் போன மாட்டுக்கறி சூப்பு தீர்ந்துபோய், இன்றைக்கு மூன்று வேளையும் முட்டைதான். சிரிக்காதே.

முதலில் ரஸ்ஸின் மனைவி டெஸ்ஸாவின் சமாச்சாரம். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காய்ச்சல் இறங்கிவிட்டது. உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை நன்றாக உதைக்கிறதாம். பிரசவம்வரை மருந்தை விடக்கூடாது என்றிருக்கிறார்கள். எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை.

அன்று போனில் நான் வம்பளந்துகொண்டுதான் இருந்தேன். பக்கத்துப் பண்ணையில் ரஸ்ஸின் ஆடுகள் மாதம் நிறையும் முன்பே குட்டி வீசுகின்றன, ஆட்டு டாக்டர் ஹாக்ஸ்டாட் ரத்த மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார் என்றேன். அப்புறம் வேறு பேச்சாக, டெஸ்ஸாவுக்கு நாலைந்து நாளாகக் காய்ச்சல், ஃப்ளூ என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றேன். நீ சட்டென்று, "லைல், அவ கொட்டகையில நின்னாளா? செத்த குட்டியக் கையால எடுத்தாளா?" என்று கேட்டாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது. "பின்ன, ரஸ் ஒருத்தனே எத்தன ஆட்டப் பாப்பான்?" என்றேன். "இப்பவே வண்டிய எடு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ஆடு குட்டி வீசுதுன்னு டாக்டர்கிட்ட சொல்லு. அவங்களாக் கேக்க மாட்டாங்க, நீயாச் சொல்லு" என்றாய்.

சொன்னேன். அந்த டாக்டர் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகுதான் சரியான பரிசோதனையே நடந்தது. கியூ காய்ச்சல், ஆடுகளிடமிருந்து வந்தது, வயிற்றுப் பிள்ளைக்கே ஆபத்தாம். ரஸ் வெளியே சுவரில் சாய்ந்துகொண்டு அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆட்டு டாக்டர் ஆட்டப் பாத்தாரு, மனுஷ டாக்டர் இவளப் பாத்தாரு. ரெண்டையும் சேத்துப் பாக்க அறுநூறு மைல் தள்ளியிருக்கிற உன் பொண்டாட்டி வேண்டியிருந்துச்சே, லைல்!" என்றான்.

வீட்டுக்கு வந்தும் வண்டியை விட்டு இறங்கத் தோன்றவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய வசந்தத்தில் நீயும் இப்படித்தான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கொட்டகையில் நின்றாய். அந்த வருடம் நம் ஆடுகளும் குட்டி வீசின. உனக்கும் காய்ச்சல் வந்தது. நம்மிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. நம் பிள்ளை தங்காமல் போனதற்கு அதுதான் காரணமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நீ இதை எப்போதோ யோசித்திருப்பாய். எனக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது படுகிறது.

இனி, உன் கல்லூரிக்கு நீ கொடுக்க வேண்டிய பதில். இரண்டாம் வருடம் முடிந்ததும் கால்நடை மருத்துவத்தை ஒரு வருடம் நிறுத்திவிட்டு, மக்கள் சுகாதாரப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பலாம் என்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது, "மொதல்ல டாக்டராயிட்டு வீட்டுக்கு வா, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். நீயும் தலையாட்டினாய். ஆனால் இங்கே வந்துவிட்டால் பண்ணையும் ஊர்க்காரர்களின் ஆடுமாடும் உன்னை எங்கே விடும்? அந்த 'அப்புறம்' வரவே வராது. உனக்கு மனமிருந்தால் இப்போதே போ, மார்னி.

ஆனால் நாம் இழந்ததற்காகப் போகாதே. அன்று டெஸ்ஸாவைப் பற்றிக் கேட்டபோது உன் குரலில் துக்கம் இல்லை. தன் வேலை எதுவென்று தெரிந்தவளின் குரல் அது. அதற்காகப் போ. இல்லை, களைத்துவிட்டேன், முதலில் ஒன்றை முடிக்கிறேன் என்று தோன்றினால் அதுவும் சரிதான். 'லைல் தனியாக இருக்கிறானே' என்ற காரணத்துக்காக மட்டும் எதையும் எழுதி அனுப்பிவிடாதே. அடுத்த வசந்தத்துக்கு ரஸ்ஸும் நானும் கூட்டாக வேலை பார்ப்பதென்று பேசிவிட்டோம். முகமூடி, கையுறை எல்லாம் ஹாக்ஸ்டாட் சொன்னபடி வாங்கியாயிற்று.

இன்னொன்று. டெஸ்ஸா, "வந்து கை வெச்சுப் பாரு லைல்" என்று கூப்பிட்டாள். வைத்தேன். உதைத்தது. நாம் அந்தப் பேச்சை எடுத்து வெகு நாளாயிற்று. படிப்புக்கு நடுவில் என்றாலும் சரி, முடிந்த பிறகு என்றாலும் சரி, நீ சொல்லும் நாள்தான் எனக்கும் நாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும். சீக்கிரம் வந்துவிடு என்று எழுதத்தான் கை வருகிறது. நல்லபடியாகப் போய்ப் படித்துவிட்டு வா என்று எழுதுகிறேன்.

என்றும் உன்,
லைல்