வைத்தியர் சொன்ன மூன்று வருடம்

மச்சான்,

கரவெட்டியிலிருந்து ஒரு தாய் இன்று தன் மகளின் தலை ஸ்கான் படத்தைக் கொண்டுவந்தார். உன்னோடு வைத்தியத்துக்குச் சென்னைக்குப் போய்வந்தவன் என்பதால் இந்தப் பக்கத்தில் நான் அரை வைத்தியன் ஆகிவிட்டேன். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உனக்கிருந்த அதே கோளாறு: மூளைக்குள் இரத்தக் குழாய்கள் முறையில்லாமல் பின்னிக் கிடந்தன. உன் படத்தைப் பார்த்தபோது, "வலையிலை சிக்கு விழுந்தமாதிரிக் கிடக்கு. உந்தச் சிக்கை என்னட்டைத் தந்தால் நானே எடுத்துவிடுவன்" என்றாய். மயிலிட்டியில் கடல்தொழில் செய்பவனுக்கு வேறென்ன தோன்றும்.

சென்னையில் உனக்குக் கத்தி வைக்கவில்லை. தலையில் ஒரு சட்டத்தைப் பூட்டிக் கதிர்வீச்சைப் பாய்ச்சினார்கள். பின்னேரமே எழும்பித் தேத்தண்ணி கேட்டாய். வைத்தியர் நம் இருவரையும் இருத்திச் சொன்னார்: "குழாய் மெதுவாத்தான் மூடும். மூணு வருஷம்கூட ஆகலாம். அதுவரைக்கும் ரத்தம் கசியற ஆபத்து இருக்கும். சிலருக்கு மூடாமலும் போகலாம்."

வெளியே வந்ததும், "உந்தக் கதையை வீட்டிலை கதைக்காதை. மனிசி என்னைக் கடலுக்கு விடமாட்டாள்" என்றாய். நானும் ஓமென்றேன்.

தலையைத் திறக்காமல் நோய் மாறினால் தூக்குக்காவடி எடுப்பதாக நீ நேர்த்திக்கடன் வைத்திருந்தாய். ஊரில் வந்து இறங்கியபோது உன் தலையில் தையலும் இல்லை, மொட்டையும் இல்லை. மாறிவிட்டது என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள். அந்த வருடத் திருவிழாவிலேயே நேர்த்தியைச் செலுத்த வேண்டும் என்று உன் மனைவி ஒற்றைக் காலில் நின்றார்.

"மூண்டு வருசம் பொறுத்து எடன்" என்று உன்னிடம் தனியாகச் சொன்னேன்.

"கடவுளுக்குத் தவணை சொல்லுறதே? அவளுக்கு என்ன காரணம் சொல்லுறது?" என்றாய்.

முதுகில் கொக்கி முள் ஏற்றி, உழவு இயந்திரத்தில் கட்டிய மரத்தில் தொங்கியபடி வீதி சுற்றி வந்தாய். அன்று உனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் உன் தலையைப் பார்த்தபடியே பின்னால் வந்தேன்.

ஏழு மாதம் கழித்து, கரையில் வலையிலிருந்து மீன் தட்டிக்கொண்டு நின்றவன் விழுந்தாய். மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். காவடியாலா, கடலாலா என்று சென்னைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். "வீட்ல படுத்திருந்தாலும் வந்திருக்கலாம். காத்திருக்கிற காலம் அப்படி" என்றார் வைத்தியர். அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என்மேலும்தான்.

நீ போய் முப்பத்தோராம் நாள், உன் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அன்று உன் மனைவி கேட்டார்: "அண்ணை, வருத்தம் மாறினதுதானே? பிறகேன் இப்பிடி?"

"ஓம், அது மாறினதுதான். இது வேறை குழாய்" என்றேன்.

அதைத்தான் இன்றும் நம்புகிறார். குறையில்லாமல் நேர்த்தியைத் தீர்த்துவிட்டுத்தான் போனாய் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி ஆறுகிறார். அந்த அறையில் வைத்தியர் சொன்னதைக் கேட்டவர்கள் நாம் இரண்டு பேர். இப்போது நான் ஒருவன்.