தூளி கட்டிய வகுப்பு

மார்ச் 4, திங்கள்

விடியற்காலை மழை. பிரிக்பீல்ட்ஸ் ரோடு முழுக்கச் செம்மண் குழம்பு. புதுச் செருப்பு போச்சு.

பெண்கள் வகுப்பு நிறைந்திருக்கிறது. போன மாதம் பாதி பெஞ்சி காலி. இப்போது நிறைந்ததற்குக் காரணம் தூளிதான். அம்மாக்கள் ரோட்டு வேலைக்குக் கல் சுமக்கப் போய்விடுகிறார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நின்றுவிடுகிறது. குழந்தையோடு வா என்று சொல்லி அனுப்பினேன். வந்தார்கள். உத்தரத்தில் பழைய சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டோம். இப்போது ஐந்து தூளி. சிலேட்டில் எழுதிக்கொண்டே காலால் ஆட்டுகிறார்கள்.

ஒரு சிக்கல். குழந்தைகள் தூங்க வேண்டுமானால் வகுப்பு கத்தக் கூடாது. மற்ற வகுப்புகளில் பாடம் என்றால் கூச்சல்தான்: வாத்தியார் ஒரு வரி, பிள்ளைகள் அதே வரி, தொண்டை கிழிய. எனக்கு எப்போதும் அந்தக் குரல் வந்ததில்லை. சென்னையில் பி.ஏ. வகுப்பில் ஆஜர் சொன்னால்கூட 'யார் அது, வந்திருக்கிறாளா இல்லையா' என்பார்கள்.

வாங்க வேண்டியது: சாக்பீஸ், பின்னூசி, அம்மாவுக்குத் தைலம்.

மார்ச் 5, செவ்வாய்

வெயில். தலைவலி.

இன்று கண்ட விஷயம். அஞ்சலை வாசித்துக்கொண்டிருந்தாள். காற்று அடித்துப் பக்கம் புரண்டுவிட்டது. அவள் விரல் புதுப் பக்கத்தில், வாய் பழைய பக்கத்தில். கடைசி வரை ஒரு சொல் தப்பாமல் சொல்லி முடித்தாள். மற்றவர்களையும் சோதித்தேன். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். புத்தகம் மனப்பாடம், எழுத்து தெரியாது. இரண்டு வருஷம் கத்தியதன் பலன்.

சாயந்திரம் அப்பாவிடம் சொன்னேன். ரயில்வே கூட்ஸ் ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். காப்பியை ஆற்றிக்கொண்டே, "இங்கிலீஷ் ஸ்கூல்ல வேலை காலியாம், ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னாரு. போட்டுப் பாரேம்மா. கப்பல் ஏத்தி அனுப்பிப் படிக்க வச்சேன், நீ என்னடான்னா தொட்டில் ஆட்டிக்கிட்டு இருக்கே. ஆபீஸ்ல கேக்குறானுங்க, பி.ஏ. ஆயா சௌக்கியமான்னு."

அவர் பார்வை என் செருப்பில் இருந்தது.

மார்ச் 7, வியாழன்

நேற்றிலிருந்து புது முறை. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டேன். கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதுவது. யாரும் வாய் திறக்காமல் அதைச் செய்வது. அவ்வளவுதான்.

நேற்று முதல் வாக்கியம்: 'ஜன்னலைச் சாத்து.' ஒருவரும் அசையவில்லை. என் முகத்தையே பார்த்தார்கள், நான் எப்போது சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று. நானும் பேசவில்லை. வெகு நேரம். பிறகு பாக்கியம் என்ற பெண், பத்து வயது இருக்கும், இடுப்பில் எப்போதும் தம்பி, உதடு அசைய எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். எழுந்தாள். போய்ச் சாத்தினாள். திரும்பி வரும்போது அவள் முகம். எனக்கு எழுதத் தெரியவில்லை.

இன்று அவர்களே ஒருவருக்கொருவர் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார்கள். 'மூக்கைத் தொடு.' 'லெட்சுமி பின்னலை அவிழ்.' 'நாக்கை நீட்டு.' கிளுகிளு என்று சிரிப்பு, அதுவும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு. அஞ்சலை ஒரு சிலேட்டை என்னிடம் நீட்டினாள். 'டீச்சர் சிறிங்க.' எழுத்துப் பிழை இருந்தது. திருத்த மனம் வரவில்லை.

தலைமையாசிரியர் (இனி த.ஆ.) வாசலில் நின்று பார்த்தார். கையில் பிரம்பு, அடிக்க அல்ல, பழக்கத்துக்கு.

"என்னம்மா, யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். வாசிக்கிறாங்க."

"வாசிக்கிறாங்களா? எனக்குக் கேக்கலையே."

மார்ச் 8, வெள்ளி

காண்ட்ராக்டர் வந்தார். பள்ளிக் கமிட்டித் தலைவர்; கட்டடத்துக்கு மரம் கொடுத்தவர். வாரம் ஒருமுறை காரை ரோட்டில் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடியே பள்ளிக்கூடத்தைக் காதால் சோதிப்பார். இன்று இறங்கியே வந்துவிட்டார். தூளிகளைப் பார்த்ததும் நின்றார்.

"இது பள்ளிக்கூடமா, பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியா?"

த.ஆ. சிரித்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"பசங்க வகுப்பு ஜம்முனு கேக்குது வாத்தியாரே. இந்த ரூம்ல ஒரு சத்தமும் காணோம். என்னா லா இது? அடுத்த வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வராரு. அவரு முன்னால இதுங்க வாயத் தொறக்கலைன்னா, ரூமைப் பசங்களுக்குக் குடுத்துருவோம். அங்க நெருக்கியடிச்சு உக்காந்திருக்கானுங்க. பொண்ணுங்க வீட்டுல இருக்கட்டும். என்ன நஷ்டம்?"

பதில் எல்லாம் எனக்குத் தெரியும். வரிசையாகத் தெரியும். அவர் போனபிறகுதான் வாய்க்கு வந்தது. கரும்பலகைக்குச் சொன்னேன்.

மார்ச் 10, ஞாயிறு

துணி துவைத்தேன். அம்மாவுடன் பாசார். கருவாடு, கத்தரிக்காய்.

நாள் முழுக்க ஒரே யோசனை. ஒரு பாட்டை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்துவிட்டால்? இன்ஸ்பெக்டர் கேட்டால் ஓங்கிச் சொல்லட்டும். அறை பிழைக்கும். பிறகு என் வழியில் நடத்தலாம். த.ஆ. வெள்ளியன்றே சொன்னார், "புத்திசாலித்தனமா இரும்மா. ஒரு பாட்டு போதும்."

மார்ச் 11, திங்கள்

முயற்சி செய்தேன். பாட்டு. நான் ஒரு வரி, அவர்கள் ஒரு வரி. மூன்றாவது வரியில் ஒரு குழந்தை எழுந்தது, நாலாவதில் எல்லாம். அழுகை, ஓட்டம், ஒரு தூளி முடிச்சு அவிழ்ந்தது; நல்லவேளை பாக்கியம் தாங்கிப் பிடித்தாள். லெட்சுமியின் தங்கை என் புடவையை நனைத்தது. பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்த்து, "ஆகா, இன்னைக்குத்தான் பாடம் நடக்குது" என்றார்.

பாட்டு வேண்டாம். முடிவு. இதைப் பற்றி இனி யோசிக்க மாட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

பாக்கியம் வரவில்லை.

பள்ளி விட்டதும் ரோட்டுக் கூலிகள் குடியிருக்கும் லைனுக்குப் போனேன். யாரிடமும் வழி கேட்கக் கூச்சம், இரண்டு தடவை சுற்றினேன். அவள் அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பி, தலையில் சும்மாடு அவிழ்க்காமல் நின்றாள். என்னைப் பார்த்ததும் பலகையைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க டீச்சரம்மா. கோவிச்சுக்காதீங்க. நீங்க நல்லவங்கதான். ஆனா பசங்க பள்ளிக்கூடம் போனா ராத்திரி ஒரு பாட்டுப் பாடிக் காட்டுறானுங்க. இவ ஒண்ணும் பாடறதில்ல. கேட்டா சும்மாத்தான் படிச்சோங்குறா. வாயால சொல்லாத படிப்பு என்ன படிப்பு?"

"வியாழக்கிழமை வரைக்கும் அனுப்புங்க" என்றேன்.

அவள் புலம்பிக்கொண்டே இருந்தாள். "நேத்து பாருங்க, வீட்டுல இருக்குற குடம், சட்டி, கெரசின் டின்னு எல்லாத்துலயும் தண்ணி ரொப்பி வச்சிருக்கா. நடக்க இடமில்ல. எதுக்குடின்னா, வேணும்ங்குறா."

பாக்கியம் தம்பியை இடுப்பில் மாற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "நாளைக்கும் நாளன்னைக்கும் கொழாயில தண்ணி வராதும்மா. செவுத்துல ஒட்டியிருக்கு."

லைன் முனையில் நகரசபை நோட்டீஸ். மலாய், சீனம், இங்கிலீஷ், கீழே தமிழ். வரும்போது இரண்டு தடவையும் அதன் பக்கத்தில்தான் நடந்திருக்கிறேன்.

அவள் அம்மா நம்பவில்லை. "யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல."

மார்ச் 13, புதன்

லைனில் தண்ணீர் இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸிலும் இல்லை. அப்பா முகம் கழுவாமல் ஆபீஸ் போனார்.

பாக்கியம் வந்தாள். தம்பியோடு. அவள் அம்மா லைன் முழுக்கச் செம்பு செம்பாகத் தண்ணீர் கொடுத்தாளாம். "எங்கம்மா எல்லாருகிட்டயும் சொல்லிச்சு டீச்சர், எம்பொண்ணு செவுத்தைப் பாத்தே சொல்லிட்டான்னு."

நாளைக்கு இன்ஸ்பெக்டர். வெளிர் நீலப் புடவைக்குக் கஞ்சி போட்டாயிற்று. தண்ணீர் கடன் வாங்கி.

மார்ச் 14, வியாழன்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், மறக்கும் முன்.

காலையிலிருந்தே இருட்டு, இன்ஸ்பெக்டர் கிள்ளான் ரயிலில் வந்து இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்துக்காரர். தொப்பி, மடித்துவிட்ட கால்சட்டை. முதலில் பசங்க வகுப்பு. கூரை அதிரச் சொன்னார்கள். காண்ட்ராக்டர் கோட்டு போட்டுக்கொண்டு தாளம் போடாத குறை.

பிறகு எங்கள் அறை. தூளிக்கு அடியில் குனிந்து வந்தார்.

"இதென்ன பிள்ளை, இத்தனை ஏணை?"

சொன்னேன். கேட்டாரா தெரியவில்லை. அஞ்சலையைப் பார்த்து, "எழும்பி ஒரு பாட்டுச் சொல்லு, பாப்பம்."

அஞ்சலை எழுந்தாள். புத்தகம் முழுக்கத் தெரிந்தவள், ஆனால் குழந்தைகள் எழுந்துவிடும் என்று தூளிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். அடுத்தவளைக் கேட்டார். அவளும். காண்ட்ராக்டர் தொண்டையைக் கனைத்தார். "நான் முன்னாலயே சொன்னேன் சார்."

சாக்பீஸை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன்.

"நீங்க எழுதுங்க ஐயா."

"என்ன?"

"ஏதாவது எழுதுங்க. புத்தகத்துல இல்லாதது." இரண்டாவது தடவை கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது. ஒரு தூளி அசைந்தது.

அவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அழகான கையெழுத்து. 'எல்லோரும் சத்தமின்றி வெளியே சென்று, மழை விட்டதா எனப் பார்த்து வந்து சொல்லவும்.'

நான் ஒருபோதும் இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. உதடுகள் அசைந்தன. "அதுகளுக்குப் புரியல சார்" என்றார் காண்ட்ராக்டர். பாக்கியம் எழுந்தாள். அஞ்சலை அவளைப் பார்க்கவில்லை. பலகையைக் கடைசிச் சொல் வரை பார்த்துவிட்டு எழுந்தாள். அதைக் கவனித்தேன். பிறகு எல்லோரும், ஒருவர் பின் ஒருவராக, கால் ஓசை இல்லாமல், வெளியே.

அறையில் நாங்கள் பெரியவர்களும் தூளிகளும். ஆட்டும் கால் ஒன்றும் இல்லை. முதலில் ஒரு சிணுங்கல். இரண்டாவது. பாக்கியத்தின் தம்பி முழுக்குரலில். நான் அங்கே ஓடினேன், மறுபுறம் இன்னொன்று. இன்ஸ்பெக்டர் தொப்பியை இடுக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த சேலையைப் பிடித்து ஆட்டத் தொடங்கினார். "நீங்கள் அதைப் பிடியுங்கோ" என்றார் காண்ட்ராக்டரிடம். காண்ட்ராக்டர் பிடித்தார். த.ஆ. பிரம்பைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை.

பெண்கள் தலை நனைந்து வந்தார்கள். வாசலில் அப்படியே நின்றார்கள். கமிட்டித் தலைவர் தூளி ஆட்டுவதை யார்தான் பார்த்திருப்பார்கள். குழந்தைகள் அப்போதுதான் அடங்கியிருந்தன. பாக்கியம் அதைப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை. சாக்பீஸை எடுத்து அவர் எழுதியதற்குக் கீழே எழுதினாள்.

'விடவில்லை.'

இன்ஸ்பெக்டர் சத்தமில்லாமல் சிரித்தார்.

வெளியே வந்தபின் சொன்னார்: "வகுப்பு இருக்கட்டும். இதை மூடக் கூடாது." காண்ட்ராக்டர் தலையாட்டினார். பிறகு என்னிடம், "ஆனால் பிள்ளை, கைக்குழந்தைகள் வகுப்பறைக்குள்ள இருக்க ஏலாது. அது சட்டம். நான் எழுதாமல் விட மாட்டன்."

காண்ட்ராக்டர் காரில் ஏறும்போது: "தூளி இல்லாம எத்தனை பேரு வருவாங்கன்னு பாப்போம்."

மார்ச் 15, வெள்ளி

தூளிகளை அவிழ்த்தாயிற்று. வந்தவர்கள் நாலு பேர். பாக்கியம் இல்லை. வகுப்பை யாரும் மூட வேண்டியதில்லை, தானாகவே மூடிக்கொள்ளும்.

இடைவேளையில் பின்பக்க வராந்தாவில் நின்று அழலாம் என்று போனேன். நிமிர்ந்தால் கூரையடியில் நல்ல சட்டம், உறுதியான மரம். ஜன்னல் மூன்றும் அந்தப் பக்கம்தான் திறக்கின்றன.

த.ஆ.விடம் போனேன்.

"சார், வராந்தா வகுப்பறையா?"

அவர் வெகு நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "திங்கக்கிழமை எனக்குப் பின்பக்கம் வர வேலை இல்லம்மா."

மார்ச் 17, ஞாயிறு

அப்பாவிடம் கயிறு கேட்டேன், எதற்கு என்று சொல்லாமல். அவருக்குத் தெரிந்திருந்தது. கூட்ஸ் ஷெட்டிலிருந்து பழைய சணல் கயிறு, நானே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு. பள்ளிக்குக் கூடவே வந்தார். முடிச்சு எல்லாம் அவர் கை. சட்டத்தைப் பிடித்துத் தொங்கியே பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"என்னையே தாங்குது. பொடிசுங்களத் தாங்காதா."

இங்கிலீஷ் ஸ்கூல் பேச்சு எடுக்கவில்லை. திரும்பும் வழியில் ஆபீஸ் ஆள் ஒருவர் எதிரே வந்தார். அப்பா அவரை முந்திக்கொண்டு, "பி.ஏ. ஆயாவோட அப்பன் வரேன்யா, வழி விடு."

மார்ச் 18, திங்கள்

லேசான தூறல். வராந்தாவில் சாரல் அடிக்கவில்லை. சாக்குத் திரை நாளைக்கு.

குழந்தைகள் வெளியே, அக்காக்கள் உள்ளே. ஒவ்வொரு தூளியிலிருந்தும் ஒரு கயிறு ஜன்னல் வழியாக வந்து ஒரு கால் கட்டைவிரலில் முடிகிறது. கால் ஆடுகிறது, வெளியே தூளி ஆடுகிறது. பாக்கியம் வந்தாள். எல்லோரும் வந்தார்கள். பலகையில்: 'உன் கயிறு சரியாக இருந்தால் கை தூக்கு.' எல்லாக் கையும்.

இரண்டாம் மணி அடித்ததும் வாசலில் ஒரு தாய். செந்தூல் பக்கமிருந்து நடந்து வந்திருக்கிறாள். இடுப்பில் குழந்தை, கையில் ஏழெட்டு வயசுப் பெண்.

"சத்தமே இல்லையே, இன்னைக்கு லீவான்னு முன்னாடி பிரம்போட நிக்கிற வாத்தியாரைக் கேட்டேன். 'லீவு இல்லம்மா, பொண்ணுங்க வாசிக்கிறாங்க, மெதுவாப் போ'ன்னாரு. தூளி கட்ட எடம் இருக்குங்களா அக்கா?"

இருக்கு என்றேன். கயிறு தீர்ந்துவிட்டது. என் துணிப்பையின் வார் நீளம் போதும் போலிருக்கிறது, அவிழ்த்துக் கட்டப் போகிறேன்.