கிளுவை இலை கொட்டும் மாதம்

நங்கை,

இன்று காலை என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, காட்டுக் கிளுவை வேலியை வெட்டிவிட்டு வந்து, கையைக்கூடக் கழுவாமல் என்னிடம் சொம்பை நீட்டினார். சொம்பெல்லாம் கிளுவைப் பிசின். அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, "கையைக் கழுவிப்போட்டு வந்தா கிரீடம் எறங்கிருமாக்கு?" என்று கத்திவிட்டேன். பாவம், மனிதர் சொம்பை வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போனார். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். நீங்கள் இருந்திருந்தால், "எதுக்கம்மிணி இப்படிச் சிலுத்துக்கறே, அவன் என்ன பண்ணுனான்?" என்று கேட்டிருப்பீர்கள்.

எங்கள் அப்பன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய புண்ணியத்தில் எனக்கு நாலெழுத்து எழுத வரும். உங்களுக்குப் படிக்க வராது. படித்துக் காட்டலாம் என்றால் நீங்களே இல்லை. ஆனாலும் உங்களிடம் சொல்லியே ஆகவேண்டிய சேதி ஒன்று என் நெஞ்சில் கிடந்து அடித்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்தபோது, நீங்கள் தாலியறுத்து இங்கே திரும்பி வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. சங்ககிரிப் பக்கம் உங்களைக் கொடுத்த ஊரில் மாப்பிள்ளை காய்ச்சலில் போய்விட்டாராம். எழவு வீட்டிலேயே இரண்டு வீட்டு ஆம்பிளைகளுக்கும் வாய் முற்றி, உங்கள் ஐயா, என் மாமா, உங்களைக் கையோடு வண்டியேற்றிக் கூட்டி வந்துவிட்டார். மகள் பாவாயியை மட்டும் அவர்கள் விடவில்லை. "எங்க ஊட்டுப் பொண்ணு எங்க ஊட்டுலதான் வளரும்" என்று அவளுடைய அத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாளாம். அந்த வீட்டு வாசற்படியை நம் வீட்டு ஆள் மிதிப்பதில்லை, அந்த வீட்டு ஆள் நம் படியை மிதிக்கக் கூடாது என்று மாமா மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். பெற்றவளை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை.

வெள்ளைச் சீலை கட்டியவர் முன்வாசலில் எதிர்ப்படக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. உங்களுக்கு என்று விட்டது பொடக்காணி ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் வேலி வரைக்கும் உள்ள அந்தத் துண்டு நிலம். வேலிக்கு அந்தப் பக்கம் சந்தை வண்டிகள் போகிற திருச்செங்கோட்டுத் தடம். நான் புது மருமகள், எனக்கும் எல்லை அதே வேலிதான். இரண்டு பேரும் பட்டியில் அடைத்த ஆடுகள்போல அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பொடக்காணியை நீங்கள் எப்படி வைத்திருந்தீர்கள்! ஆடி பிறந்ததும் அவரையும் பீர்க்கனும் ஊன்றிவிடுவீர்கள். குளிக்கிற கல்லிலிருந்து தண்ணீர் வீணாய் ஓடாமல் வாய்க்கால் இழுத்து வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் விட்டீர்கள். ஐப்பசி மழையில் சேறாகாமல் ஓட்டாஞ்சல்லியைப் பரப்பித் திமிசுக் கட்டையால் இடித்து நடைபாதை செய்தீர்கள். மார்கழியில் செவ்வந்தியும் மருக்கொழுந்தும் மணக்கும். சித்திரை வெயிலுக்குச் சோளத்தட்டுப் பந்தல் போட்டு, தரையைச் சாணி போட்டு மெழுகி, சாயங்காலம் தண்ணீர் தெளித்துவிட்டால் போதும், உள்வீட்டில் யாருக்கு இருக்கப் பிடிக்கும்? மாமாகூடக் கட்டிலை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டு, "எம்பொண்ணு கை பட்டா கட்டாந்தரையும் தழையும்" என்று வந்தவர்களிடம் பெருமையடிப்பார். ஒரு பூ உங்கள் தலையில் ஏறக்கூடாது என்று சட்டம் வைத்த ஊர்தான் உங்கள் செவ்வந்தியைப் பறித்துக்கொண்டு போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீங்கள் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டீர்கள்.

ஒரு சந்தை நாளில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. வேலியோரம் குத்த வைத்துக் களை பிடுங்கிக்கொண்டிருந்தீர்கள். பார்த்தால் அங்கே களையே இல்லை.

"என்னத்தைங்க நங்கை இப்படிப் பிடுங்கறீங்க, மண்ணையா?" என்று கேட்டேன்.

என் கையைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். "சத்தம் போடாதே அம்மிணி. ரெண்டாவது வண்டி. பச்சைப் பாவாடை."

கிளுவைக் குச்சிகளுக்கு நடுவே பார்த்தேன். கூண்டு இல்லாத வண்டியில், அத்தைக்காரியின் பக்கத்தில், முட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் நேரே முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வண்டி போன பிறகுதான் நீங்கள் மூச்சே விட்டீர்கள்.

"கூப்பிட்டிருக்கலாமுங்களே நங்கை!"

"வந்த புதுசுல ஒரு வாட்டி கூப்பிட்டுப்போட்டேன், சாமி. அப்பறம் ரொம்ப நாளைக்கு வண்டியைக் காட்டுக்குள்ள இட்டேரி வழியாத் திருப்பிக்கிட்டாங்க. இப்பத்தான் மறுபடி இந்தத் தடத்துல வாராங்க. நம்ம பக்கம் நெழலு. வெயில்ல போறவங்களுக்கு நாம இருக்கறது தெரியாது. பாத்தாப் போதும் அம்மிணி."

அன்றைக்குத்தான் அந்தப் பாத்திகளும் பந்தலும் வாய்க்காலும் எனக்கு விளங்கின. சந்தை வண்டி போகிற வேளையில் வேலியோரம் நிற்க உங்களுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அதற்காகவே ஒரு தோட்டத்தை உண்டாக்கி வைத்திருந்தீர்கள். அதன் பிறகு சந்தை நாளில் நானும் உங்களோடு களை பிடுங்கினேன்.

பிறகு தடத்தில் பஸ் ஓட ஆரம்பித்தது. ஒருநாள் மாமா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "பஸ்ஸுல போறவனெல்லாம் வேலிக்கு மேல நம்ம ஊட்டுப் பொம்பளைங்களப் பாத்துக்கிட்டே போறான். மண்ணுச் சுவரு வெச்சுப்போடலாம்." உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் அவருக்குத் துண்டை எடுத்து நீட்டிக்கொண்டே பேசினீர்கள்.

"சுவரு எதுக்குங்க ஐயா, தெண்டச் செலவு. இருக்கற வேலியை ஒசத்தி நானே அடைச்சுப் போடறேனுங்க."

"அப்ப கள்ளியை வெய்யி. எந்நாளும் பச்சையா நிக்கும்."

"கள்ளிப் பால் கண்ணுல பட்டாப் பார்வையே போயிருமுங்க. நாளைக்கு அம்மிணிக்குக் கொழந்த பொறந்து இங்க தவழாதுங்களா? கிளுவைக் கொம்பையே போத்தா வெட்டி இன்னொரு வரிசை நட்டுப்போடறேன்."

பேரப்பிள்ளை என்றதும் மாமா அடங்கிவிட்டார். மாசிக்கு மேல் கிளுவை இலையைக் கொட்டிவிடும் என்பது விவசாயிக்குத் தெரியாதா? தெரியும். கோடை வெயிலில் யார் வேலியோரம் நின்று வேலை செய்யப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

உங்கள் கையாலேயே உங்களை அடைத்துக்கொண்டீர்கள், நங்கை. போத்து நெருக்கமாய்த் தழைத்தது. அதன்மேல் அவரைக் கொடி, பாகல் கொடி. ஆடியிலிருந்து தை வரைக்கும் பச்சைப் படுதா கட்டினாற்போல் இருந்தது. பார்த்தவர்களெல்லாம் என்ன செழிப்பு என்றார்கள். அந்த மாதங்களில் உங்களுக்குக் கேட்டதெல்லாம் வண்டிச் சத்தம்தான். இலைகளை விலக்கினால் வெளியிலிருந்து தெரியும் என்று விரலைக்கூட வைக்கமாட்டீர்கள். தைக்கு அப்புறம் தினமும் காலையில் போய் இலை பழுத்திருக்கிறதா என்று பார்ப்பீர்கள். "ஒண்ணு ரெண்டு மஞ்சளாயிருக்குது அம்மிணி" என்று நீங்கள் வந்து சொல்கிற அழகைப் பார்த்தால், வேறு வீட்டில் வளைகாப்புச் சேதி சொல்வதுபோல் இருக்கும்.

ஊரே மழைக்கு ஏங்குகிற மாதங்கள்தான் நமக்கு நல்ல மாதங்கள். ஒரு கோடையில் ஊர்ப் பெண்கள் மழை வேண்டி வீடு வீடாக மழைச்சோறு எடுத்து வந்தார்கள். நீங்கள் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுக்க, நான் கொண்டுபோய்ப் போட்டேன். கை நிறைய அள்ளி அள்ளிக் கொடுத்தீர்கள். பிறகு என் காதருகே, "காடு காயுது, மழை வரோணும் அம்மிணி. இந்தச் சந்தை மட்டும் முடிஞ்சு வரட்டும்" என்றீர்கள். சிரித்தோம். அடுத்த சந்தை வரும்போதும் அதையேதான் சொன்னீர்கள்.

அப்புறம் அந்த வருஷம். வழக்கத்துக்கு மாறாகப் பங்குனியிலேயே கோடை மழை கொட்டியது. ஊர் கொண்டாடியது. வேலி ஒரே வாரத்தில் துளிர்த்து மூடிக்கொண்டது. வைகாசித் தேருக்குள் பாவாயியை அத்தை மகனுக்கே கட்டி வைக்கப் போகிறார்கள், அப்புறம் சந்தை வண்டியில் வருவாளோ மாட்டாளோ என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தீர்கள். வளர்ந்துவிட்ட முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்று தவித்தீர்கள். அன்றைக்குச் சந்தை. நீங்கள் வேலியில் முகத்தளவு இடத்தில் துளிர்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தபோது மாமா பின்னால் வந்து நின்றார்.

"ஆடு மேஞ்ச மாதிரி இருக்குதேன்னு பாத்தேன்" என்றார். மடியைப் பார்த்தார். தடத்தைப் பார்த்தார். குரல் மாறிவிட்டது. "யாரைப் பாக்கறே?"

அந்த 'யாரை'யில் என்ன இருந்தது என்று நமக்கு இரண்டு பேருக்கும் தெரியும். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. மகள் என்று சொன்னால் அவள் வருகிற தடம் போய்விடும். அதற்காக எந்தப் பழியையும் சுமக்கத் தயாராக நின்றீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மாமனார் முன்னால் உட்காரக்கூட மாட்டேன் நான். அன்றைக்குக் கத்தினேன்.

"பெத்த பொண்ணைப் பாக்கறாங்க மாமா! வேற யாரைப் பாக்கறாங்க? வாசல்ல கொண்டாந்து நீங்க நிறுத்துனீங்களா, வேலிச் சந்துல பாக்காம இருக்கறதுக்கு?"

இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. மாமா துளிர் கிள்ளிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். கண் கலங்கியதோ என்றுகூட எனக்குத் தோன்றியது. ஆனால் வாயில் வந்தது வேறு. "அந்த ஊட்டு வண்டிக்கு எம்பொண்ணு வேலிக்குள்ள காத்துக் கெடக்கறதா? எம்மானம் என்னத்துக்கு ஆகறது?" அடுத்த சந்தைக்குள் மண்சுவர் ஆளுயரத்துக்கு மேல் எழும்பிவிட்டது. நீங்கள் நட்ட கிளுவையெல்லாம் வெட்டி ஆட்டுக்குப் போட்டார்கள்.

நீங்கள் அழவில்லை. சுவரோரம் பூசணி ஊன்றினீர்கள். அது ஏறிப் படர்ந்து பூத்தது. வந்தவர்கள் இப்போதும் பொடக்காணியைப் புகழ்ந்தார்கள். சந்தை நாளில் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொள்வீர்கள். "சுவத்துக்கு எலை கொட்டாது அம்மிணி" என்று ஒரே ஒரு தடவை சொன்னீர்கள். நான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

அந்தப் பேச்சுக்கு அப்புறம் சில கோடைதான் இருந்தீர்கள். காய்ச்சல் கண்டு, கஞ்சி இறங்காமல், ஒரு சந்தைக்கு முதல் நாள் போய்ச் சேர்ந்தீர்கள். மாமா தாமே சங்ககிரிக்கு ஆள் அனுப்பினார். உயிர் இருந்தவரை அனுப்பாத ஆளை! எழவுக்குச் சத்தியம் குறுக்கே நிற்காதாம். நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை.

பாவாயி வந்தாள், நங்கை. மூக்குத்தி போட்டு, இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். உங்களை எடுத்துக்கொண்டு போன பிறகு என் முழங்கையைத் தொட்டு, "ஊட்டுக்குப் பொறகால தடத்தோரம் இருக்குதுங்களே, அந்த எடம் எங்கீங்க?" என்று கேட்டாள். பொடக்காணிக்குக் கூட்டிப் போனேன். சுவரின் உள்பக்கத்தை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எலை கொட்டுன காலத்துல கிளுவைக்குள்ள வெள்ளைச் சீலை நல்லாத் தெரியுமுங்க. அம்மான்னு எனக்குத் தெரியும். வண்டியில இந்தப் பக்கந்தான் உக்காருவேன்னு அடம் பிடிச்சு அழுவேன். ஆனா திரும்பிப் பாக்கமாட்டேனுங்க. கடைக்கண்ணுலதான். நான் பாக்கறேன்னு தெரிஞ்சா வண்டியை இட்டேரில திருப்பிப்போடுவாங்கல்லங்க?"

சுவரைத் தடவிக்கொண்டே அவளே கேட்டாள்: "அப்பறம் சுவரு வந்துருச்சு. உங்கம்மாதான் உன்னையப் பாக்கப் பிடிக்காம வெக்கச் சொல்லிப்போட்டான்னு அத்தை சொன்னாங்க. நெசமுங்களா?"

அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். மழைச்சோற்றையும் சொன்னேன். மடியில் கிடந்த துளிர்களையும் சொன்னேன். அவள் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, சுவரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அவளுடைய கேள்விக்குப் பதில் சொல்ல நான் இருந்தேன். உங்களுக்குச் சொல்ல யாரும் இல்லாமல் போய்விட்டது. உங்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றே நினைத்துக்கொண்டு நீங்கள் போனீர்கள்.

அவள் பார்த்தாள், நங்கை. ஒவ்வொரு சந்தைக்கும் பார்த்தாள்.