இடப்பக்கம் ஒரு மைப்பொட்டு

24-10-74, வியாழன்
விடியலிலிருந்து தூறல். கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். ஒர்க்‌ஷாப்புக்கு லேட்.

போன வாரம் திருப்பாச்சூர் கல்யாண ஊர்வலத்தில், மாப்பிள்ளை காரை விட்டு இறங்கும்போது என் கிளாரினெட் கீச்சென்று கத்தியது. ஊரே சிரித்தது. இன்று பேண்டு மாஸ்டர்: "ஞாயித்துக்கெழம ஆரணி ஊர்வலம். இன்னொரு தபா கத்துச்சின்னா, உனுக்கு ஜால்ராதான்." அவரும் கிளாரினெட்காரர்தான். பதினோரு வருஷம் அவர் பக்கத்தில் நின்று வாசித்தவன் நான். அவமானம்.

கிளாரினெட் வாயில் கட்டி ஊதும் நாணல் சீவல், ரீடு, இருப்பது ஒன்றே ஒன்று. சுரண்டிச் சுரண்டி நாலு பாழ். கடையில் ஸ்டாக் இல்லை.

25, வெள்ளி
மழை. ரீடை நனைத்து, ஒரு பக்கத்தை உதட்டால் அமுக்கி மறுபக்கம் மட்டும் பேசவிட்டேன். வலம் தேவலை. இடம் தடிப்பு. கழற்றிக் கண்ணாடித் துண்டில் வைத்து பிளேடால் இடப்பக்கம் சுரண்டல். ஊதினால் இன்னும் மோசம். திரும்பச் சுரண்டல். ஐந்தாவதும் போச்சா?

புஷ்பா: "இன்னாய்யா, எலி மாறி பிராண்டிக்கினே கீற? நாஷ்டா ஆறுது." கட்டியவள் மேல் எரிந்து விழுந்தேன். பாவம்.

26, சனி
ஒர்க்‌ஷாப்பில் தகட்டுக்கு நீலம் தடவி, கோடு இழுத்து, அரத்தை எடுத்தேன். கை நின்றுவிட்டது. குறி போடாமல் இங்கே அரம் வைத்ததே இல்லை. ரீடுக்கு?

வாயில் இருக்கும்போது சீவின முகம் கீழே. கண்ணாடியில் மல்லாத்துகிறேன், நுனி என் பக்கமே. இடம் வலமாகிவிடுகிறது! மெலிந்த பக்கத்தையே மெலிய வைத்திருக்கிறேன். ஐந்து ரீடும். மடையன்.

வீட்டுக்கு வந்ததும், ஊதும் நிலையிலேயே ரீடின் அடிப்பகுதியில், இடப்பக்கம், பேனாவால் ஒரு பொட்டு. கழற்றி, பொட்டு வைத்த பக்கம் பிளேடால் ஏழெட்டு இழுப்பு. இரண்டு பக்கமும் மெலிசாகிவிட்டதால், விறைப்பு வர நுனியை மயிரளவு வெட்டினேன். ஊதினேன்.

சமையல்கட்டிலிருந்து புஷ்பா: "இப்பத்தான்யா கேக்க சொகமா கீது."

27, ஞாயிறு
ஆரணி. வெயில், காற்று. மாஸ்டர் ஜால்ராவை அக்குளில் இடுக்கிக்கொண்டே வந்தார், எனக்குத் தெரியட்டும் என்று.

ரீடு காயக்கூடாதென்று ஒரு மணி நேரம் வாயிலேயே. பெண்ணின் அப்பா இரண்டு தரம் "நாஷ்டா ஆச்சா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். "இவுரு ஊமையா?"

கார் நின்றது. மாப்பிள்ளை கால் வைத்தார். மேல் ஸ்வரம் பிடித்தேன். கத்தவில்லை. கடைசித் தெரு வரை கத்தவில்லை. 

 திரும்பும்போது வேனில் மாஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரீடு.

"என்துவும் கத்துது. மூணு மாசமா. ஊதாம சும்மா வாயில வச்சிக்கினுதான் நிக்கறேன். யாராண்டயும் சொல்லாத."

பேனா எடுத்தேன்.