புள்ளி வைக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு

மேடம்,

இன்று ஞாயிறு. காலையில் வந்து என் வகுப்பறை இரும்பு அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். இந்த மாதக் கடைசியோடு எனக்குப் பணி ஓய்வு. முப்பத்திரண்டு வருடம் ஒரே கட்டடத்தில் குப்பை சேர்த்தவன் அதை அள்ளிப் போட்டுவிட்டுத்தானே போக வேண்டும்? படிக்காமலே கோப்பில் போட்ட சுற்றறிக்கைகளுக்கு அடியில் ஒன்றாம் வகுப்பின் பழைய வருகைப் பதிவேடு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் பிரிய மறுத்தது. ஏதோ ஒரு பிள்ளையின் மாவுக் கை பட்டு ஒட்டிக் காய்ந்திருக்கிறது. நகத்தால் மெல்லப் பிரித்ததும் லேசாகப் புளித்த மாவு வாசனை வந்தது. தாராவி இட்லிக்காரர் சந்தின் வாசனை.

அந்தப் பக்கத்தில் இருபத்தேழு பெயர்கள் மையில் இருக்கின்றன. இருபத்தெட்டாவது பெயர் மட்டும் பென்சிலில். வெறுமனே ‘மேடம்’ என்று.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முழுதாகக் கழிந்துவிட்டது. செய்தி எனக்குப் பதினைந்து நாள் பிந்தித்தான் வந்தது, அதுவும் பியூன் போகிற போக்கில் சொல்லி. மாட்டுங்காவில் உங்கள் வீடு இருக்கும் தெரு எனக்கு நன்றாகத் தெரியும். ஏன் தெரியும் என்பதையும் இந்த மடலில் சொல்லத்தான் போகிறேன். இருந்தும் வந்து துக்கம் கேட்கவில்லை. என்ன முகத்தோடு வருவது என்று தயங்கினேன். அந்தத் தயக்கத்துக்கு வட்டியும் முதலுமாக இதை எழுதுகிறேன்.

நீங்கள் வருகிற செய்தி கிடைத்த அன்று நான் உங்களைத் திட்டியது கொஞ்ச நஞ்சமில்லை. எங்கள் வட்டத்து மாநகராட்சிப் பள்ளிகள் தேறாதவை என்று பட்டியல் போட்டு, அவற்றின் பொறுப்பை ஒரு வருடத்துக்கு மாநில அரசே எடுத்துக்கொண்டது. அதற்குச் சிறப்பு அதிகாரியாக நீங்கள் வந்தீர்கள். பிள்ளைகள் போதாத தமிழ்ப் பிரிவை மூடி, இருப்பவர்களைச் செம்பூர்ப் பக்கம் வேறொரு பள்ளியில் சேர்த்துவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. தண்டவாளத்தைத் தாண்டி, பெரிய ரோட்டைத் தாண்டி, பஸ் ஏற்றி எந்தத் தாய் பெண் பிள்ளையை அனுப்புவாள்? ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிடுவாள். இன்சார்ஜ் ஹெட்மாஸ்டர் என்ற முறையில் அதைத் தடுப்பது என் கடமை என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் தடுத்துக்கொண்டும் இருந்தேன்.

அந்த வழி உங்களுக்கு முதல் நாளே தெரிந்துபோனது. ஐந்தாம் வகுப்பு வாசலில் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். என்னைவிடப் பதினாறு வயது சின்னவர். தோளில் துணிப்பை, காலில் மழைச் செருப்பு.

“சார், இருபத்தாறு பேர் பிரசென்ட்னு கோடு போட்டிருக்கேள். பெஞ்ச்ல பதினாலு பேர்தானே இருக்கா?”

“பாக்கிப் பேரு ஒண்ணுக்குப் போயிருக்காங்க மேடம்.”

“பன்னெண்டு பேருமா?”

வந்த பிள்ளைக்குக் கோடு, வராத பிள்ளைக்குப் புள்ளி. அதுதான் எங்கள் பதிவேட்டு வழக்கம். ஆனால் எங்கள் பள்ளியில் புள்ளி வைத்தே பல வருடம் ஆகியிருந்தது. ஊருக்குக் கோயில் கொடை பார்க்கப் போய் ஆடி பிறந்தும் திரும்பாத பிள்ளைக்கும் கோடு. உல்லாஸ்நகருக்குக் குடிபோனவனுக்கும் கோடு. எண்ணிக்கை இருந்தால் பள்ளி இருக்கும், பள்ளி இருந்தால் என்றைக்காவது பிள்ளை வரும் என்பது என் கணக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பொதுத்தொண்டு என்று நம்பிய ஆள் நான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, “வாங்கோ, ஒரு வீட்டுக்குப் போய்ட்டு வரலாம்” என்று கூப்பிட்டீர்கள். இட்லிக்காரர் சந்துக்குள் எனக்கு முன்னால் நடந்தீர்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டிய சந்து. கழுவிக் கவிழ்த்த இட்லித் தட்டுகள் வாசல்தோறும் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தீர்கள். ஐந்தாம் வகுப்பு இசக்கி பாயில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் மாவு காய்ந்து வெள்ளையாக இருந்தது. அன்றைய பதிவேட்டில் அவளுக்கு நானே கோடு போட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

இசக்கியின் அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். உங்களை யாரோ வசூலுக்கு வந்த சேமிப்பு நிதிக்காரி என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது, முதலில் முகம் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்த பிறகுதான் பேசினாள்.

“அவ மூணு மணிக்கே எந்திச்சு எனக்குத் தட்டுல மாவு ஊத்துதா சார். அவ அப்பா சைக்கிள்ல ஏவாரத்துக்குக் கெளம்புன பொறவுதான் புள்ள கட்டைய சாய்க்கா. ஏழு மணிக்குப் பள்ளிக்கொடம்னா எப்டி வருவா? மத்தியானம்னா நானே கொண்டாந்து விடுவேன். இந்தச் சந்துல எல்லா வீட்லயும் இதே கததான்.”

“இத யார்கிட்டயாவது சொன்னேளா?” என்று கேட்டீர்கள்.

“யாரு வந்து கேட்டா?” என்றாள்.

அந்த வீட்டிலிருந்து நம் பள்ளிக்கு நடை ஐந்து நிமிடம்.

சந்தை விட்டு வெளியே வந்தோம். டீக்கடைப் பக்கம் நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டீர்கள். “சார், மாட்டுங்கால எங்க பக்கத்து பில்டிங்ல நீங்க மத்தியானம் மேத்ஸ் ட்யூஷன் எடுக்கறேள் இல்லையா? என் அக்கா பையன் உங்ககிட்டதான் படிச்சான். ரொம்ப நன்னா சொல்லித்தரேள்னு சொல்வான். அங்க ஒரு பையன் வரலேன்னா அஞ்சே நிமிஷத்துல வீட்டுக்கு போன் பண்ணிடுவேளாமே. இங்க மட்டும் ஏன் சார் கோடு போட்டுடறேள்?”

மேடம், என் ஐம்பத்திரண்டு வயதில் என்னை அப்படி யாரும் அடித்ததில்லை. நாங்கள் காலை ஷிப்டை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பது எங்களுக்குத் தெரியாதா? பன்னிரண்டரைக்குப் பள்ளி முடிந்தால் மத்தியானம் முழுக்க எங்களுடையது. ட்யூஷன் எனக்கு, தையல் இன்னொரு டீச்சருக்கு, எல்.ஐ.சி. மாதிரி ஏதோ ஒரு பாலிசி விற்பனை மூன்றாமவருக்கு. இட்லிக்காரர் சந்துப் பிள்ளைகளால் காலையில் வர முடியாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொன்னால் மத்தியானம் போய்விடும். அதனால் கோடு போட்டோம். பள்ளியைக் காப்பாற்றுகிறோம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

மாஸ்டர்கள் வேலைக்கு வெளியே ட்யூஷன் எடுக்கக் கூடாது. அந்த ஒரு வரியை நீங்கள் மேலிடத்துக்கு எழுதியிருந்தால் போதும், என் ஓய்வூதியத்தோடு சேர்த்து என்னையும் துடைத்திருப்பார்கள். எழுதவில்லை. பதிலாக ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தீர்கள்.

“உள்ளதை நீங்களே எழுதுங்கோ. நெஜமா எத்தன பேர் வரா, வராதவா ஏன் வரலே, எல்லாம்.”

“உள்ளத எழுதுனா நாளைக்கே பூட்டிருவாங்க மேடம். நீங்க வெளங்காம பேசுதீய.” கோபத்தில் எனக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

“காகிதத்துல எல்லாம் நன்னா இருக்கற ஸ்கூலுக்கு ஷிப்ட் மாத்திக் குடுன்னு நான் எப்டி சார் கேக்கறது? பன்னெண்டு பேர் வரலேன்னு நீங்க ஒத்துண்டாத்தானே அவாளுக்காக நான் சண்டை போட முடியும்?”

இரண்டு நாள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் எழுதினேன். பதிவேட்டை எடுத்து, இசக்கியின் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்தேன். பல வருடம் கழித்து நான் வைத்த முதல் புள்ளி அது.

அதன் பிறகு நடந்ததை நீங்களே அறிவீர்கள். ஆனாலும் சொல்ல ஆசையாக இருக்கிறது. மத்தியான ஷிப்ட் அதே கட்டடத்தில் இந்திப் பிரிவுக்காரர்களுடையது. அவர்களுடைய ஹெட்மிஸ்ட்ரஸ் “ஐசா நஹீ ஹோ சக்தா”, அதெல்லாம் நடக்காது என்று மேஜையைத் தட்டினார். நீங்கள் அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் நடந்தீர்கள். அவர்களில் பாதித் தாய்மார்கள் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை காலையிலேயே பள்ளிக்குப் போனால் அவர்களுக்கு நிம்மதி என்று கண்டுபிடித்தது நீங்கள்தான். நாங்கள் மனுப் போட்டிருந்தால் அது மூன்று வருடம் மேஜை மேஜையாகச் சுற்றியிருக்கும். உங்கள் ஒரு கையெழுத்தில் ஒரே வாரத்தில் ஷிப்ட் மாறியது. அரசு கை வைத்தால் பள்ளி உருப்படாது என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தவன் நான். கை வைப்பது யார் கை என்பதைப் பொறுத்தது என்று இப்போது திருத்திச் சொல்கிறேன்.

பொய் வருகை போட்டதற்கு எனக்கு மெமோ வந்தது. இன்சார்ஜ் பதவி போய், என்னைவிட ஜூனியரான டீச்சருக்குக் கிடைத்தது. எனக்கு ஒன்றாம் வகுப்பு. ட்யூஷனும் போயிற்று. இரண்டு மாதம் உங்கள் முகத்தைப் பார்த்து நான் ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. நீங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு சனிக்கிழமை என் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தீர்கள்.

“ஆத்துல பேசுவோம், அவ்ளோதான். தமிழ் வாசிக்க வராது சார். நீங்க எழுதின ரிப்போர்ட்டையே அம்மாவை விட்டுத்தான் வாசிக்கச் சொன்னேன். எனக்கும் சேர்த்து சொல்லித் தாங்கோ.”

என் பதவியைப் பறித்த அதிகாரி என் வகுப்பில் ‘அம்மா, ஆடு’ என்று எழுத்துக் கூட்டினால் ஒரு மனிதன் எத்தனை நாளைக்குக் கோபமாக இருக்க முடியும்? மேடத்தையும் கூப்பிட வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தார்கள். அரசாங்கப் பதிவேட்டில் மையால் எழுதக் கூடாது என்று பென்சிலில் எழுதினேன். சனிக்கிழமைதோறும் வந்து, கூப்பிட்டதும் எழுந்து நின்று “உள்ளேன் ஐயா” என்பீர்கள். பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். நான் குனிந்தபடியே கோடு போட்டுவிட்டேன் என்று ஒருநாள் கடிந்துகொண்டீர்கள். “பேரைக் கூப்டு, மொகத்தைப் பார்த்து, அப்பறம் கோடு போடுங்கோ சார்.” பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டு, நான் நிமிராவிட்டால் “மொகம், மொகம்” என்று கத்த ஆரம்பித்தார்கள்.

வருடம் முடிந்ததும் உங்களை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். உடம்புக்கு முடியாமல் இருந்ததை அப்போதே மறைத்தீர்களா என்று எனக்குத் தெரியாது. அடுத்த சனிக்கிழமை கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது. “கோடு போடுங்க சார், மேடம் திரும்பி வந்திருவாங்க” என்று பிள்ளைகள் கெஞ்சின. நான் எதுவும் போடாமல் விட்டுவிட்டேன்.

பள்ளி பூட்டப்படவில்லை மேடம். பெரிதாகப் பெருகிவிடவும் இல்லை, பொய் சொல்ல மாட்டேன். சில வீடுகள் சந்தை விட்டே போய்விட்டன. ஆனால் ஒன்றரை மணிக்கு மணி அடிக்கும்போது இட்லிக்காரர் சந்திலிருந்து பிள்ளைகள் தூங்கி எழுந்த முகத்தோடு, எண்ணெய் வைத்த தலையோடு வருகிறார்கள். இசக்கி பத்தாம் வகுப்பு தேறி சயானில் ஜூனியர் காலேஜ் போகிறாள். போன வாரம் அவள் தம்பியைச் சேர்க்க அவளேதான் வந்தாள். விண்ணப்பத்தைத் தமிழில் நிரப்பினாள். நான் பக்கத்திலேயே நின்று, அவள் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் உங்களிடம் நேரில் சொல்லி நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்கள் மாற்றலாகிப் போன பிறகும் நாலு வருடம் இருந்தது. பாவி, சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் என்னிடமே என்னைக் காட்டியவர் நீங்கள். அந்த நன்றியை வைத்துக்கொண்டுதான் மிச்ச சர்வீஸையும் ஓட்டினேன்.

பென்சில் பெயரை அழித்துவிடலாம் என்று ரப்பரை எடுத்தேன், மனசு வரவில்லை. உங்கள் வரியில் நான் வெறுமனே விட்ட அந்தக் கட்டம் அப்படியே இருந்தது. பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்துவிடத்தான் கை போனது. முப்பது வருடப் பழக்கம், அவ்வளவு சீக்கிரம் விடுமா? யார் கேட்கப் போகிறார்கள் என்றும் தோன்றியது. ஆனாலும் நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்த்தேன், மேடம். பார்த்துவிட்டு, புள்ளிதான் வைத்தேன்.